கிடங்கில் கிடந்தால் புல்லின் சர்க்கரை குறையுமா?

"போன வருசத்துப் புல்லுங்க, அதுல சத்தே இருக்காது. தாராளமா போடலாம்." குளம்பு நோய் வந்து தேறிய குதிரைக்கு என்ன தீவனம் போடுவது என்று கேட்டால், லாயங்களில் முதலில் வரும் பதில் இதுதான். சொல்பவர் பல காலம் குதிரையோடு பழகியவராகவே இருப்பார். ஆனாலும் இதில் பாதியைத்தான் நம்பலாம். நாள்பட்ட புல்லில் சத்து குறைவது உண்மை. அப்படிக் குறைவது வைட்டமின். ஈரம் படாமல் நன்றாகக் காய்ந்து கிடந்த புல்லில் சர்க்கரை மாதக்கணக்கில், ஏன், ஆண்டு கழிந்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பச்சை நிறம் வெளுத்துவிட்டது, வாசனை போய்விட்டது என்பதால் இனிப்பும் போயிருக்கும் என்று நினைத்து அள்ளிப் போட்டால், அடிபடுவது குதிரையின் குளம்பு.

இந்தக் கணக்கு எல்லாக் குதிரைக்கும் தேவையில்லை. தினமும் ஓடி வேர்க்கும் குதிரைக்குப் புல்லில் உள்ள சர்க்கரை வேலைக்கான தெம்பு. கழுத்தின் மேல்விளிம்பு தடித்து, வாலடியில் கொழுப்பு திரண்டு, வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்கும், மட்டக் குதிரைக்கும், வயதான குதிரைக்கும்தான் கவனம் வேண்டும். இவற்றில் பலவற்றுக்குத் தின்ற சர்க்கரைக்குப் பொருந்தாத அளவில் இன்சுலின் சுரக்கும். அது நீடித்தால் குளம்பின் ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் தளர்ந்துவிடும். கால்நடை மருத்துவர்கள் லாமினைட்டிஸ் என்று சொல்வது இதைத்தான். முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்கால்களில் போட்டு, ஓரடி வைக்கவே தயங்கி நிற்கும் குதிரையை ஒருமுறை பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட குதிரைக்குப் போடும் புல்லில் சர்க்கரை, ஃபிரக்டான், மாவுச்சத்து மூன்றும் சேர்ந்து உலர்பொருளில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும், 12-ஐத் தாண்டவே கூடாது என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இந்த அத்தியாயம் முழுவதும் 'சர்க்கரை' என்று நான் சுருக்கமாகச் சொல்வது இந்த மூன்றையும் சேர்த்துத்தான்.

சர்க்கரை முடிவாவது வயலில்

பகலில் வெயில் வாங்கும் புல் சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவில் அதைச் செலவழித்து வளர்கிறது. ஆகவே விடியற்காலையில் மிகக் குறைவாகவும், பிற்பகல் முடியும் நேரத்தில் மிக அதிகமாகவும் இருக்கும். இரவு குளிர்ந்துவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும், சர்க்கரை செலவாகாமல் தண்டில் தங்கிவிடும். சமவெளியில் நமக்கு அப்படிக் குளிரும் இரவுகள் இல்லை. நீலகிரியில் மார்கழி, தை மாத உறைபனிக் காலத்தில் வெயில் பளீரென்று அடித்து இரவு உறைந்தால், அங்கே மேய்கிற மட்டக் குதிரைகளுக்கு அந்தப் புல் பார்வைக்குக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் இனிப்பு கூடியதாக இருக்கும்.

புல்லின் இனமும் முக்கியம். ரோட்ஸ் புல், அருகு, கொழுக்கட்டைப்புல் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஃபிரக்டான் சேர்வதில்லை. அவை மாவுச்சத்தாகச் சேர்க்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்காலப் பயிரான ஓட்ஸ் நேர் எதிர். பஞ்சாப், அரியானா பக்கம் குளிர்காலத்தில் விளைந்து, பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்த ஓட்ஸ் புல்லில் சர்க்கரை 20 சதவீதத்தைத் தாண்டுவது உண்டு. பார்க்க அழகாக இருக்கும், குதிரையும் ஆசையாகத் தின்னும். குளம்பு நோய் உள்ள குதிரைக்கு அது ஆகாது. குதிரைமசால் பெரும்பாலும் 10-ஐ ஒட்டியே நிற்கும் என்றாலும், புரதமும் எரிசக்தியும் கூடியது என்பதால் கொழுத்த குதிரைக்கு அளவாகத்தான் போட வேண்டும்.

அறுத்தவுடன் புல் செத்துவிடுவதில்லை. பச்சைப் புல்லில் 75 முதல் 80 சதவீதம் ஈரம் இருக்கிறது. அது ஏறக்குறைய 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை புல்லின் செல்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கும், சுவாசிக்கச் சர்க்கரையை எரிக்கும். மூட்டத்தில் மெதுவாகக் காய்ந்த புல்லில் சர்க்கரை அதிகம் எரிந்திருக்கும். பங்குனி வெயிலில் ஒன்றிரண்டு நாளில் காய்ந்த புல்லில் அதிகம் மிஞ்சியிருக்கும். காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு மழை அடித்தால் சர்க்கரை கரைந்து மண்ணுக்குப் போய்விடும். ஆக, நிறம் மாறாமல், வாசனையோடு, மழைபடாமல் காய்ந்த 'முதல் தரப் புல்'தான் சர்க்கரையிலும் முதல் தரம். வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கிடங்கில் நடப்பது

கட்டிய புல்லில் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் செல்கள் உறங்கிவிடும், பூஞ்சணமும் பாக்டீரியாவும் பெருக முடியாது. சர்க்கரையைத் தின்ன ஆளில்லை. அதனால்தான் அது நிலைத்து நிற்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டுச் சிதைவது வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் வைட்டமின் ஈ-யும். நாள்பட்ட புல்லையே நம்பியிருக்கும் குதிரைக்கு இந்த இரண்டும் போதவில்லையா என்று மருத்துவரிடம் கேட்டு ஈடுசெய்யுங்கள். ஒரு கைப்பிடி பசும்புல் கூட உதவும்.

ஈரத்தோடு கட்டிய புல்லின் கதை வேறு. முதல் இரண்டு மூன்று வாரங்களில் கட்டு 'வேர்க்கும்'. மிச்சமிருக்கும் செல்களும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவும் தண்ணீரும் சூடுமாக மாற்றும். அந்தத் தண்ணீர் இன்னும் பூஞ்சணத்தை வளர்க்கும், பூஞ்சணம் இன்னும் சூட்டைக் கூட்டும். முதலில் தீர்வது சர்க்கரைதான், ஏனென்றால் எளிதில் எரியக்கூடியது அதுவே. நார் கடைசிவரை நிற்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 100 கிலோ உலர்பொருளில் 15 கிலோ சர்க்கரை இருந்தது, அதில் 5 கிலோ எரிந்துபோயிற்று என்றால், மிச்சம் 95 கிலோவில் 10 கிலோ. சதவீதம் 15-லிருந்து பத்தரைக்கு இறங்கிவிட்டது. அறிக்கையில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எரித்தது எது? பூஞ்சணம். அதன் வித்துகள் அந்தக் கட்டு முழுக்கத் தூசியாக நிறைந்திருக்கும். குதிரைக்கு இருமலும் இளைப்பும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். சில பூஞ்சணங்கள் விஷமும் சுரக்கும். வயிற்றுவலி வரும் வாய்ப்பும் கூடும். குளம்பைக் காப்பாற்றப் போய் நுரையீரலைக் கெடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சூடு 40 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் இன்னொன்று நடக்கும். சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்து, ரொட்டி சிவப்பதுபோல் புல் பழுப்பாகும். இந்தக் கட்டைப் பிரித்தால் புகையிலையும் பாகும் கலந்த ஒரு வாசனை வரும். குதிரை இதை விரும்பித் தின்னும், வாங்குபவரும் 'வாசனையான புல்' என்று ஏமாந்துவிடுவார். சர்க்கரை குறைந்திருப்பது உண்மை. அதோடு பிணைந்த புரதம் குதிரைக்குச் சேராமல் சாணத்தில் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய புரதத்தைச் சாணக்குழியில் கொட்டுகிறோம்.

சூடு 65, 70 டிகிரிக்கு ஏறினால் பேச்சு தீவனத்தைப் பற்றியதே அல்ல. கிடங்கு தானாகத் தீப்பிடிக்கக்கூடும். புதிதாக அடுக்கிய போரில் நீண்ட இரும்புக் கம்பியை நடுவரை செருகி, கால் மணி நேரத்துக்குமேல் விட்டு எடுத்துப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் கட்டுகளை இழுத்துப் பிரிக்க முனையாதீர்கள். காற்றுப் புகுந்ததும் பற்றிக்கொள்ளும். முதலில் குதிரைகளை அங்கிருந்து அவிழ்த்து நகர்த்திவிட்டு, 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையினர் வந்தபின் கையை வையுங்கள்.

திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு வைக்கும் உருளைக் கட்டுகளில், வெளித்தோல் மழையில் நனைந்து சர்க்கரை கரைந்து கறுத்திருக்கும், நடுப்பகுதி அறுத்த நாளில் இருந்தபடியே இருக்கும். ஒரே கட்டில் இரண்டு விதப் புல். மேலே பிய்த்துப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

கொட்டகையும் அடுக்கும்

தமிழ்நாட்டில் புல் காயவைக்கத் தோதான மாதங்கள் தை முதல் வைகாசி வரை. அந்த வெயிலில் கட்டியதை, வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் காப்பாற்றுவதுதான் நம்முடைய வேலையே. கூரை ஒழுகாமல் இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. காய்ந்த புல் காற்றிலிருந்தே ஈரம் உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலே நாள்கணக்கில் நிற்கும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், ஒரு சொட்டு மழை படாத கட்டும் பூத்துவிடும். வெயில் அடிக்கும் நடுப்பகலில் கொட்டகையைத் திறந்து காற்றோட விடுங்கள். மழை நாளிலும் இரவிலும் காற்று வரும் பக்கத்தை மூடுங்கள்.

கீழே சிமெண்ட் தரை என்றால் அதன்மேல் நேராக அடுக்கவே கூடாது. தரையின் ஈரம் அடிக்கட்டுக்கு ஏறும். மரச்சட்டமோ, சவுக்குக் கழிகளோ, பழைய லாரி டயர்களோ போட்டு ஒரு சாணாவது உயர்த்துங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். தகரக் கூரையின் அடியில் விடியற்காலையில் நீர் கோத்துச் சொட்டும், அதனால் மேல் வரிசைக்கும் கூரைக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடம் வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கட்டின்மேல் இறுக்கிப் போர்த்துவது கொட்டகைக்குள் செய்யக்கூடாத காரியம். உள்ளேயிருந்து வரும் ஆவி அதிலேயே முட்டித் திரும்ப இறங்கும்.

ஒவ்வொரு லாட்டையும் தனியாக அடுக்குங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். எந்த வயல், எந்த மாதம் அறுத்தது, எத்தனையாவது அறுப்பு என்று ஓர் அட்டையில் எழுதிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு லாட் கலந்துவிட்டால் அதற்குப்பின் எந்தப் பரிசோதனையும் உங்களுக்குப் பயன்படாது. புதிதாகக் கட்டிய புல்லை நான்கிலிருந்து ஆறு வாரம் வேர்த்து அடங்க விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 'புதுப்புல் வயிற்றுக்கு ஆகாது' என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

ஈரம் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கைப்பிடி உப்பை வாணலியில் நன்றாக வறுத்து ஆறவையுங்கள். நம்மூர் உப்பு சும்மாவே கசியும், வறுக்காமல் எடுத்தால் சோதனை பொய்யாகிவிடும். கட்டின் நடுவிலிருந்து உருவிய புல்லை விரல்நீளத் துண்டுகளாக வெட்டி, மூடி இறுக்கமான உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி நிரப்புங்கள். இரண்டு தேக்கரண்டி உப்பைப் போட்டு மூடி, அவ்வப்போது குலுக்கிக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் கவிழ்த்துப் பார்த்தால், உப்பு மணல்போல் பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. கட்டிகட்டியாகப் பாட்டிலில் ஒட்டினால் ஈரம் கூடுதல், அடுக்காதீர்கள். விலை கொடுத்து வாங்கும் ஈரமானி இருந்தால் நல்லதுதான். லாரி வாசலில் நிற்கும்போது உப்புப் பாட்டிலும் போதும்.

பரிசோதனைக்கு மாற்று கிடையாது

கண்ணால், மூக்கால், வாயில் போட்டு மென்று பார்த்து சர்க்கரையின் அளவை யாராலும் சொல்ல முடியாது. தண்டு மொத்தமாகவும் முற்றியும் இருந்தால் சர்க்கரை குறைவு என்பதுகூட எப்போதும் பலிப்பதில்லை. ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்றே வழி. ஒரு லாட்டில் 15, 20 கட்டுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் தலைப்பக்கத்திலிருந்தும் நடுவரை துளைத்து எடுக்கும் குழாய்க்கருவியால் மாதிரி எடுங்கள். கருவி இல்லையென்றால் கட்டைப் பிரித்து நடுப்புல்லைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். கையால் உருவினால் இலை உதிர்ந்து தண்டு மட்டும் வரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, காற்றுப் புகாத உறையில் போட்டு, அட்டையில் உள்ள விவரத்தை அதன்மேல் எழுதுங்கள்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. எங்கே அனுப்பினாலும் முன்கூட்டியே கேளுங்கள்: நீரில் கரையும் சர்க்கரையும் மாவுச்சத்தும் தனித்தனியாகப் பார்த்துத் தருவார்களா? மாட்டுத் தீவனத்துக்கான வழக்கமான பட்டியலில் புரதமும் நாரும் கொழுப்பும் சாம்பலும் இருக்கும், நமக்கு வேண்டியது இருக்காது. அறிக்கை வந்ததும் 'உலர்பொருள் அடிப்படை' என்ற வரிசையைப் பாருங்கள். நீரில் கரையும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் எண். ஃபிரக்டான் கரையும் சர்க்கரையிலேயே அடங்கிவிட்டது.

நல்ல கொட்டகையின் முழுப் பயனும் இங்கேதான் தெரியும். புல் காய்ந்தபடியே இருந்தால், சித்திரையில் எடுத்த அறிக்கை மார்கழியிலும் செல்லும். அந்த லாட் தீரும்வரை ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தீவனம் போடலாம். கொட்டகை நனைந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

எண் கிடைத்ததும் கணக்குப் போடுங்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ உலர்புல் போடுகிறீர்கள். அதில் ஈரம் போக உலர்பொருள் ஏறக்குறைய 5.3 கிலோ. சர்க்கரை 18 சதவீதம் என்றால் ஒரு நாளில் 950 கிராம் உள்ளே போகிறது. 9 சதவீதம் என்றால் அதில் பாதி. இந்த வித்தியாசத்துக்காகப் பாடுபட்டுவிட்டு, கொள்ளோடு ஓர் அச்சு வெல்லத்தையும் நசுக்கிக் கலப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. கொள்ளிலும் கணிசமான மாவுச்சத்து இருக்கிறது. ஓட்ஸ் தானியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் மாவுச்சத்துதான். குளம்பு நோய் வந்த குதிரைக்கு வெல்லம் அன்பளிப்பு ஆகாது. வீட்டுப் பிள்ளைகளுக்கும், பார்க்க வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

எண் கூடுதலாக வந்தால்

வேறு புல் கிடைக்காதபோது ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைக்கலாம். புல்லை வலைப்பையில் போட்டு, முழுதும் மூழ்கும்படி நிறையத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெந்நீர் என்றால் அரை மணி நேரம். எடுத்து வடியவிட்டு, மேலே நல்ல தண்ணீர் ஊற்றி அலசி உடனே போடுங்கள். எவ்வளவு சர்க்கரை கரையும் என்பது புல்லுக்குப் புல் வெகுவாக மாறும். 18 சதவீதப் புல் ஊறியதும் 10-க்கு வந்துவிடும் என்று நம்பிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் ஊறிய புல்லையும் காயவைத்துச் சோதனைக்கு அனுப்புங்கள்.

குளிர்நாட்டு நூல்களில் இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்லியிருப்பார்கள். சென்னை வெயிலுக்கு அது ஒத்துவராது. சில மணி நேரத்திலேயே தண்ணீர் புளித்து, பாக்டீரியா பெருகி, நாற்றம் எடுக்கும். ஊறிய புல்லைச் சேமித்து வைக்கவும் கூடாது. குதிரை மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுக்காமல் தொட்டியிலிருந்து அகற்றிவிடுங்கள். ஊறவைத்த தண்ணீரில் சர்க்கரையும் பொட்டாசியமும் கரைந்திருக்கும். அதை மறுநாளுக்கு வைக்காமல், கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டாத இடத்தில் கொட்டுங்கள். சர்க்கரையோடு தாதுக்களும் போய்விடுவதால் தாது உப்புக் கலவை தவறாமல் போட வேண்டும். நீராவியில் புல்லை வேகவைப்பது தூசியையும் பூஞ்சணத்தையும் அடக்கும், சர்க்கரையைப் பெரிதாகக் குறைக்காது. ஆகவே நீராவி இளைப்பு உள்ள குதிரைக்கு, ஊறவைப்பது குளம்பு நோய் உள்ள குதிரைக்கு.

மாட்டுக்காக மூட்டையில் விற்கும் ஊறுகாய்ப்புல்லைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். புளிக்கும்போது சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதால் அது குறையும் என்பது சரி. ஆனால் மூட்டை கிழிந்து காற்றோ மண்ணோ புகுந்தால் வளரும் பாட்டுலிசக் கிருமியின் நஞ்சுக்கு மாட்டைவிடக் குதிரை மிக எளிதில் பலியாகும். மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லில் தானியத்தின் மாவுச்சத்தும் இருக்கிறது. குதிரைக்கு அதை வாங்காதீர்கள்.

குளம்பு நோய் ஒருமுறை கண்ட குதிரைக்கு, பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை எந்தப் புல்லையும், அது எத்தனை பழையதானாலும், ஊறவைக்காமல் போடாதீர்கள். பூத்த வாடை வரும் கட்டை எந்தக் குதிரைக்குமே போடாதீர்கள்.